நெய்தல் ரோடு

"இங்கே முன்பு ஒன்றுமே இல்லை. வெறும் சதுப்புதான்." போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூரின் மேற்குப் பக்கத்தில் ஜூரோங் டவுன் ஹால் படிக்கட்டில் நின்றபடி, எங்கள் நடைப்பயணத்துக்கு வழிகாட்டியாக வந்த இளம்பெண் இதைச் சொன்னார். நல்ல பெண். நிறையப் படித்திருந்தார். வயதானவர்களுக்காக மெதுவாக நடந்தார். அப்பாவிடம் தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார். அவர் சொன்னதில் எனக்கு அப்போது எதுவும் உறுத்தவில்லை. எல்லோரையும் போல நானும் தலையாட்டினேன். அப்பா மட்டும் ஆட்டவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணுமே இல்லாத இடம்னா, அந்த மலாய்க்கார அண்ணன் டிபன் டப்பாவுல தினமும் இறால் எங்கேருந்து வந்துச்சு?"

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்தக் கேள்வி அன்றோடு போகவில்லை. காரணம், அந்த வழிகாட்டிப் பெண் சொன்ன அதே வாக்கியத்தை நானும் எழுதியிருக்கிறேன். உயர்நிலை இரண்டில் படிக்கும்போது 'சதுப்பு நிலம் தொழில் நகரமான கதை' என்று ஒரு கட்டுரைப் போட்டி. 'ஒன்றுமில்லாத சதுப்பு நிலத்தில்' என்றுதான் என் கட்டுரை தொடங்கும். பரிசு கிடைத்தது. சான்றிதழை அப்பா சட்டம் போட்டு மாட்டினார். ஜூரோங்கிலேயே ஓர் அச்சுத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். முதல் வரியைப் படித்திருப்பார். ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்துப் பேருந்தில் சொன்னார்.

குன்றை வெட்டிப் பள்ளத்தில் போட்டது

ஜூரோங்கின் கதை சிங்கப்பூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1960 அக்டோபரில் டச்சுக்காரர் ஆல்பர்ட் வின்சிமியஸ் தலைமையில் ஐநா குழு வந்தது, மறுவருடம் அறிக்கை வந்தது, 1961 ஆகஸ்டில் பொருளியல் வளர்ச்சிக் கழகம் பத்துக் கோடி வெள்ளியோடு தொடங்கியது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ தீவின் மேற்கு மூலையைக் காட்டி இங்கேதான் தொழிற்பேட்டை என்றார். குன்றுகளை வெட்டி, அந்த மண்ணையே சதுப்பில் கொட்டி நிரவினார்கள். 1962-இல் தேசிய இரும்பு எஃகு ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதல் சில வருடங்கள் ஆலைகள் வரத் தயங்கின. கட்டி முடித்த அடுக்குமாடி வீடுகளுக்கும் ஆள் வரத் தயங்கினார்கள். 'கோவின் மடமை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 1965-இல் மலேசியாவிலிருந்து பிரிந்தோம், பிரிட்டிஷ் படைகளும் கிளம்பப் போகிறோம் என்றன. வேலை வேண்டும் என்ற நெருக்கடி நாட்டின் கழுத்தைப் பிடித்தது. 1968 ஜூன் முதல் தேதி ஜூரோங் நகரக் கழகம், அதாவது ஜேடிசி, பிறந்தது. அந்த வருடத்துக்குள் 150-க்கும் மேற்பட்ட ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. மடமை என்ற பேச்சு அதற்கப்புறம் எழவில்லை.

அந்தத் தலைவர்களுக்கு உரிய மதிப்பைக் குறைக்க நான் இதை எழுதவில்லை. அப்பாவும் அதை விரும்பமாட்டார். எங்கள் வீட்டில் சோறு ஜூரோங்கால் வந்தது. என் படிப்பும் தங்கையின் படிப்பும் ஜூரோங்கால் வந்தவை. தன் பெயரையே பணயம் வைத்து ஒரு மனிதர் அந்தச் சேற்றில் காலை வைத்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழும். ஆனால் சேறு என்பது ஒன்றுமில்லாத ஒன்றா? அதுதான் கேள்வி.

அப்பா சொன்ன மலாய்க்கார அண்ணன் ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர். அவருடைய தகப்பனார் ஜூரோங் ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் இறால் குளம் வைத்திருந்தவர். குளம் என்றால் நாம் நினைக்கிற குளமில்லை. சதுப்பில் வரப்பு கட்டி, கடல் பக்கமாக ஒரு மரமதகு வைத்திருப்பார்கள். ஏற்றநீரின்போது மதகைத் திறந்தால் கடல் இறால் குஞ்சுகளோடு உள்ளே வரும். மூடிவிடுவார்கள். வற்றும்போது மதகின் வாயில் வலையைக் கட்டித் திறந்தால் தண்ணீர் போகும், இறால் நிற்கும். நிலாவைப் பார்த்துத்தான் வேலை. நடு இரவில் ஏற்றம் வந்தால் நடு இரவில் எழுந்திருக்க வேண்டும். அந்த அண்ணனுக்கு ஆலையில் இரவு ஷிப்ட் போட்டபோது மற்றவர்கள் முணுமுணுத்தார்களாம், அவர் மட்டும் சிரித்தாராம்: "எங்கப்பா நாப்பது வருஷமா நைட் ஷிப்டுதான்." நிலம் எடுக்கப்பட்டு அவர்களுக்கு வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அடுக்குமாடி வீடு கிடைத்தது. வீடு நன்றாக இருக்கிறது, இறாலைத்தான் இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது என்பாராம். வருத்தமாகச் சொன்னதா, சாதாரணமாகச் சொன்னதா என்று அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார்.

தலைகீழாகப் படிக்கத் தெரிந்தவர்

அப்பா அச்சுத்தொழிலுக்கு வந்தது 16 வயதில். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த சின்னத் தமிழ் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம். அங்கே அவர் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக் என்கிற கைத்தட்டில் வரியாக அடுக்குவார். எழுத்து முகம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறியிருக்கும். அதைப் பார்த்த மாத்திரத்தில் படிக்க வரவேண்டும். எனக்குப் பாட்டி செத்த வருடம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருந்த தாளை எதிர்ப்பக்கம் உட்கார்ந்தபடியே படித்து, "ஒரு ஒற்று விட்டுப்போச்சு பாரு" என்று சுட்டிக்காட்டினார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எழுத்து தெரியாது என்று நம்பி நான் அதில் தங்கையைப் பற்றி என்னவோ எழுதியிருந்தேன்.

1974-இல் ஜூரோங்கில் ஒரு பெரிய அச்சுத் தொழிற்சாலை ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார். சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே ஈய எழுத்தே கிடையாது. எல்லாம் ஆஃப்செட். படம் ஃபிலிமாகி, ஃபிலிம் பிளேட்டாகி, பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கு மை இறங்கி, அதிலிருந்து தாளுக்கு வரும். பத்து வருடம் பழகின கைவேலை ஒரே நாளில் பயனில்லாமல் போனது. சந்து அச்சகத்தில் அவர் அச்சுக்கோத்த ஒவ்வொரு வரியும் அவருக்குப் புரிந்தது, யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரிந்தது. ஜூரோங்கில் அவர் கையில் ஓடியவை பாதிக்கு மேல் அவருக்குப் படிக்கத் தெரியாத மொழிகள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு என்றெல்லாம் வந்தபோது எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புள்ளியைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். வண்ணப் படம் என்பது நான்கு நிறப் புள்ளிகள்தான். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. லூப் என்கிற சின்ன உருப்பெருக்கியைத் தாளில் வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் சேர்ந்து குட்டிக் குட்டிப் பூக்களாகத் தெரியும். பூ சரியாக மலர்ந்திருந்தால் ரெஜிஸ்டர் சரி, அதாவது நிறங்கள் அதனதன் இடத்தில் விழுந்திருக்கின்றன. கலைந்திருந்தால் ஏதோ ஒரு நிறம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த லூப் இன்னும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பித்தளை தேய்ந்து ஓரம் மழுங்கிவிட்டது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உலகம் முழுவதும் போன வண்ணப் புத்தகங்களில் எத்தனை ஜூரோங்கில் அச்சாயின என்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். பழைய புத்தகக் கடைக்குப் போனால் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். டோப்பன் என்கிற ஜப்பானிய அச்சு நிறுவனத்தின் சிங்கப்பூர் ஆலை லியு ஃபாங் ரோட்டில் இருந்தது. லாங்மன் பதிப்பகத்தின் சிங்கப்பூர் முகவரி ஃபர்ஸ்ட் லோக் யாங் ரோடு. நாம் பள்ளியில் படித்த ஃபெடரல் பப்ளிகேஷன்ஸ் பாடநூல்களில் ஜூரோங் போர்ட் ரோடு என்று இருக்கும். பலவற்றில் 'ஜூரோங் டவுன், சிங்கப்பூர்' என்று சேர்த்தே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பெருமிதம் வரும். அஞ்சல் குறியீட்டை வைத்துக் காலத்தையும் சொல்லிவிடலாம். வெறும் 22 என்றிருந்தால் 1979-க்கு முந்தைய முகவரி. 2262 போல நான்கு இலக்கம் என்றால் 1979-க்கும் 1995-க்கும் நடுவில். ஆறு இலக்கம் என்றால் அதற்குப் பிறகு. ஆட்களின் பெயர் மட்டும் எதிலும் இருக்காது. எழுதியவர், படம் எடுத்தவர், பதிப்பித்தவர் எல்லோருக்கும் இடமுண்டு. அச்சிட்டவருக்கு ஒரு முகவரி உண்டு, அவ்வளவுதான்.

இரண்டு அலகு மீன்கொத்தி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட அப்பா ஆலையிலிருந்து வேஸ்ட் தாள் கொண்டுவருவார். அனுமதி வாங்கித்தான். மற்ற பிள்ளைகள் பழுப்புத்தாளோ காலண்டர் தாளோ போட்டுவரும்போது, நாங்கள் வெளிநாட்டு வண்ணப் படங்கள் போட்டுக்கொண்டு போவோம். பனிமலை, சமையல் தட்டு, பழைய கார். எனக்கு நான்காம் வகுப்புத் தமிழ் நோட்டுக்கு அமைந்தது ஒரு மீன்கொத்தி. நீல முதுகு, வெள்ளைத் தொண்டை, சிவப்பு அலகு. அந்தச் சிவப்பு, அலகின் கறுப்புக் கோட்டுக்குள் நிற்காமல் மேல்பக்கமாக லேசாக விலகி வெளியே வந்திருக்கும். பறவைக்கு இரண்டு அலகு இருக்கிற மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்த தோழி அது பறவை தலையைத் திருப்புகிற படம் என்றாள். நான் அப்படியே நம்பினேன். அந்த நோட்டு முடிந்ததும் அட்டையைக் கழற்றிப் பத்திரமாக மடித்து வைத்தேன். இன்னமும் என்னிடம் இருக்கிறது. மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது, ஓரத்தில் என் பெயர் பால்பாயிண்ட் பேனாவில்.

பேருந்தில் அப்பா கேட்ட கேள்விக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து, பிராஸ் பசா வளாகத்தில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போயிருந்தேன். கையில் எடுத்த ஒரு வண்ணப் புத்தகத்தின் பின்பக்கத்தை வழக்கம்போலத் திருப்பினேன். நெய்தல் ரோடு, ஜூரோங் டவுன், சிங்கப்பூர் 2262. ஆங்கில எழுத்தில்தான். நான் ஜூரோங்கில் வளர்ந்தவள். அந்தச் சாலை இருப்பது தெரியும். ஆனால் அச்சில், ஒரு புத்தகத்துக்குள், அந்தச் சொல்லைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஜூரோங்கில் தெருப்பெயர்கள் நான்கு மொழியிலும் கலந்திருக்கும். ஜாலான் புரோ என்றால் மலாயில் தொழிலாளர் சாலை. ஜாலான் துக்காங் என்றால் கைவினைஞர் சாலை. எண்டர்பிரைஸ் ரோடு, டிராக்டர் ரோடு என்று ஆங்கிலம். சூன் லீ என்று சீனம். அவற்றுக்கு நடுவே நம் மொழிக்கு நெய்தல். ஆரம்பகால ஜூரோங்கில் துணி ஆலைகள் இருந்தன, நெய்வது என்ற பொருளில் அது வந்திருப்பது இயல்பு. தமிழ் வகுப்பில் ஐந்திணை படித்த யாருக்கும் அடுத்த பொருள் தானாகவே எழும். நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும். மீன், உப்பு, கழி, தாழை. பிரிந்து போனவர்களுக்காகக் கரையில் நின்று இரங்குவது. ஒன்றுமே இல்லை என்று நான் எழுதிய நிலத்துக்கு எந்தச் சொல் பொருந்துமோ, அதே சொல் அங்கேயே பெயர்ப்பலகையில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. பரிசு வாங்கின எனக்கு அது கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அப்பா பார்த்தது

புத்தகத்தை வாங்கிக்கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். பின்பக்க முகவரியைக் காட்டத்தான் கொடுத்தேன். அவர் முதலில் முகவரியைப் பார்க்கவில்லை. படங்களையும் பார்க்கவில்லை. ஒரு பக்கத்தின் மூலையை இரண்டு விரலால் பிடித்து லேசாக வளைத்தார், காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய். அப்புறம் நெட்டுவாக்கில் வளைத்தார். "நார் சரியாத்தான் போட்டிருக்காங்க." பிறகு இழுப்பறையைத் திறந்து லூப்பை எடுத்து ஒரு படத்தின் மேல் வைத்தார். கண்ணை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். "ரெஜிஸ்டர் நல்லாருக்கு. இது நாலு கலர் மெஷின்ல ஓட்டினது." நான் உள்ளே போய் என் மீன்கொத்தித் தாளை எடுத்துவந்து மேசையில் விரித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. விளையாட்டுக்கு என்றுதான் நினைக்கிறேன். அப்பா லூப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"இத இன்னுமா வச்சிருக்க?" என்றார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கம். டிசம்பர் மழை. அவர் அப்போது ஓட்டியது இரண்டு கலர் மெஷின். நான்கு நிறத்துக்குத் தாள் இரண்டு முறை உள்ளே போகவேண்டும். முதல் நாள் கறுப்பும் நீலமும் அடித்து அடுக்கி வைத்தார்கள். மறுநாள் இரவு சிவப்பும் மஞ்சளும். இரண்டுக்கும் நடுவில் நள்ளிரவில் குளிர்சாதனம் நின்றுபோனது. தாள் என்பது மரநார், ஈரத்தைக் கண்டால் ஊதும். அதுவும் நாரின் நீளவாக்கில் அதிகம் ஊதாது, குறுக்குவாக்கில்தான் ஊதும். அடுக்கின் ஓரங்கள் முதலில் ஈரத்தைக் குடித்து அலை அலையாக எழும்பும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். அப்பா முதல் தாளை இழுத்து லூப் வைத்துப் பார்த்தபோதே பூ கலைந்திருந்தது. திருகை ஒரு பொட்டு திருப்பி இடது ஓரத்தைச் சேர்த்தார். வலது ஓரம் விலகியது. வலதைச் சேர்த்தார், இடது போனது. தாளே வளர்ந்துவிட்டால் எந்தத் திருகும் உதவாது. மெஷினை நிறுத்தவேண்டும், தாளை உலர்ந்த அறையில் ஒரு நாள் போட்டு வைக்கவேண்டும். ஆனால் ஓடுகிற வேலையை நிறுத்த சூப்பர்வைசர் சொல்லவேண்டும், அவர் அடுத்த கொட்டகையில் வேறு வேலையாக இருந்தார். புத்தகம் கப்பலேற வேண்டிய தேதி பக்கத்தில் இருந்தது. அப்பா நிறுத்தவில்லை. நாற்பது நிமிடம் ஓட்டினார். மூவாயிரம் தாளுக்கு மேல்.

"அப்புறம் அவரு வந்து பாத்தாரு, நிறுத்தச் சொன்னாரு. எனக்கு ஒரு வார்னிங் லெட்டர் வந்துச்சு. அது பரவால்ல. பாதியத் தள்ளிட்டாங்க, பாதி கண்ணுக்குத் தெரியாதுன்னு பைண்டிங்குக்குப் போயிடுச்சு. எந்த ஊர்லயோ ஒரு பிள்ளை கையில அது இருக்கும். எனக்குத் தெரியும்மா. முதல் தாளுலயே தெரியும். தெரிஞ்சே ஓட்டினேன்."

வார்னிங் லெட்டர் வந்த வாரம்தான் அவர் அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். தூக்கிப்போட மனம் வரவில்லை, நல்ல தாள் என்றார். நான் இரண்டு அலகு என்று ரசித்துக்கொண்டிருந்த பறவையை அவர் என் நோட்டில் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கப்புறம் எந்தப் புத்தகக் கடைக்குள் போனாலும் பறவைப் புத்தகம் இருக்கும் அடுக்குக்கு முதலில் போவாராம். நாங்கள் கூடவே போயிருக்கிறோம். அப்பாவுக்குப் பறவை பிடிக்கும் என்று நினைத்து ஒரு பிறந்தநாளுக்கு ஜூரோங் பறவைப் பூங்காவுக்குக்கூடக் கூட்டிப்போனோம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. குளிர்சாதனம் நின்றது உங்கள் தப்பா அப்பா என்றேன். அவர் மீன்கொத்தியின் சிவப்பின் மேல் நகத்தை வைத்தார். "கடல்தான்மா அது. மேல மண்ணப் போட்டாச்சு. தண்ணி எங்க போகும்? காத்துல இருந்துச்சு. கதவத் தொறந்தா உள்ள வரும். நாங்க முப்பது வருஷமும் அதோடதான் மல்லுக்கட்டினோம். பேப்பர் வந்தா மேலுறைய உடனே பிரிக்கக்கூடாது, அறைச் சூட்டுக்கு வரட்டும்னு காத்திருக்கணும். மழைக்காலத்துல ஒரு மாதிரி, வெயில்ல ஒரு மாதிரி." இறால் குளத்து அண்ணன் மட்டும் வானத்தைப் பார்த்தே, இன்று தாள் படுத்தும், இன்று படுத்தாது என்று சொல்லிவிடுவாராம். பெரும்பாலும் சரியாக இருக்குமாம். தகப்பனாரிடம் கற்றது. அந்த அண்ணன் அன்றிரவு விடுப்பில் இருந்தார் என்பதையும் அப்பா சொன்னார். அதையும் அவர் மறந்திருக்கவில்லை.

அந்த இரவைப் பற்றிக் கேட்டதிலிருந்து 'ஒன்றுமே இல்லாத இடம்' என்ற சொற்றொடரை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை. காற்றின் ஈரத்தைத் தோலால் அளக்கத் தெரிந்த ஒரு குடும்பம் அங்கே இருந்தது, அந்த அறிவு ஆலைக்குள்ளும் வந்து வேலை செய்தது. அதற்கு ஆலையின் எந்தக் கணக்கிலும் இடமில்லை. அந்த ஊருக்கு மேலே இருந்து வந்தது திட்டமும் முதலும் துணிச்சலும். கீழே இருந்ததை வெற்றிடம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்படித் தொடங்கினால் கதை எடுப்பாக இருந்தது, அதனால் எழுதினேன். இல்லாத இடத்திலிருந்து எழுந்தோம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூரோங் ஆற்றைத் தடுத்துத்தான் ஏரி வந்தது. ஜூரோங் குன்றுகளை வெட்டிய மண் மேல்தான் ஆலை நிற்கிறது. 1969-இல் திறந்த மீன்பிடித் துறைமுகத்தில் இன்றும் நள்ளிரவுக்கு மேல்தான் சந்தை கூடுகிறது, ஏற்றநீர் பார்த்து எழுந்தவர்கள் எழுந்த அதே நேரத்தில்.

வழிகாட்டிப் பெண்ணுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். குறை சொல்லி அல்ல. இறால் மதகு எப்படி வேலை செய்யும் என்பதை மட்டும் எழுதி, அடுத்த நடைப்பயணத்தில் இதையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். உடனே பதில் போட்டார். அப்பாவிடம் பேச வரலாமா என்று கேட்டிருக்கிறார். அப்பா முதலில் வேண்டாம் என்றார். அடுத்த நாள், "வரச்சொல்லு, ஆனா அந்த அண்ணன் மகன் தெம்பனிஸ்ல இருக்கான், அவனையும் கேளு, அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு நெய்தல் ரோட்டுக்குப் போனேன். அவர் வேலை பார்த்தது அந்தச் சாலையில் இல்லை, ஆனாலும் பார்க்கவேண்டும் என்றார். விடுமுறை நாள், கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. லாரிகள் வரிசையாக நின்றன. எங்கிருந்தோ உலோகம் அறுத்த வாசனை. அப்பா பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். ஆங்கில எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவர், இதை ஒரே மூச்சில் தமிழாகப் படித்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பையன் திரும்பிப் பார்த்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். தோளில் பை, காலில் பாதுகாப்புப் பூட்ஸ்.

"ஐயா, அது தமிழா?" என்று கேட்டான். "ரெண்டு வருஷமா இங்கதான் ஏறி இறங்குறேன். நேத்தல், நெய்த்தல்னு என்னென்னமோ சொல்லுவோம். சீனப் பேருன்னு நெனச்சேன்."

அப்பா அவனிடம் எந்த ஊர் என்று கேட்டார். நாகப்பட்டினத்துக்குப் பக்கம் என்றான். கடலோர ஊரா என்றார். ஆமாம், அப்பா போட்டுல போறவரு என்றான். அப்பா பெயர்ப்பலகையைக் கையால் காட்டினார். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தான். பிறகு போனை அப்பாவிடம் நீட்டி, தமிழ்ல எப்படி எழுதணும்னு அடிச்சுக் குடுங்க ஐயா, வீட்டுக்கு அனுப்பணும் என்றான். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்தார். பேருந்து வந்தது. பையன் கையைக் காட்டி அதைப் போகச் சொல்லிவிட்டான்.